பிட்டருக்கு ஹாப்ஸ் எப்போ போடுறது

வீட்ல பீர் காய்ச்சுறவங்க நிறைய பேருக்கு ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலா இருக்கிற பீர்) காய்ச்சிக் காய்ச்சியே, ஹாப்ஸ்னா (பீருக்குக் கசப்பும் வாசமும் தர்ற பூ) கடைசியில அள்ளிக் கொட்டணும்னு கை பழகிடுது. பிட்டர்ங்கிற இங்கிலீஷ் பீருக்கு அது ஒத்தே வராது. சாதா பிட்டர்ல ஆல்கஹாலே 4% கிட்டதான், அதுல மால்ட்டோட (முளைகட்டிக் காய வெச்ச பார்லி) பிஸ்கட் ருசி தெரியணும், ஈஸ்ட் தர்ற பழ வாசம் தெரியணும், கடைசியா நாக்குல ஒரு கசப்பு நிக்கணும், அந்தக் கசப்புல பெரும்பகுதி பாயில் (வோர்ட்டை, அதாவது மால்ட் ஊற வெச்சு வடிச்ச சாறை, கொதிக்க வைக்கிறது) ஆரம்பத்துல போடுற ஹாப்ஸ்லேருந்துதான் வரும்.

எந்த ஹாப்ஸ்னு கேட்டா நான் கண்ணை மூடிட்டு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்னு சொல்லுவேன். ஃபகிள்ங்கிற ரகமும் நல்லதுதான், மண் வாசம் தூக்கலா இருக்கும், ஆனா வில்ட்ங்கிற வாடல் நோய் அடிச்சு இங்கிலாந்தோட கென்ட்ல அதோட சாகுபடி ரொம்ப சுருங்கிப்போச்சு. பேர்ல கோல்டிங்ஸ் இருக்கேன்னு ஸ்டைரியன் கோல்டிங்ஸ் வாங்கிடாதீங்க, அது ஸ்லோவேனியாவுக்குப் போன ஃபகிள்தான் (மோசம்னு சொல்லல, வேற ருசி, அவ்ளோதான்). கசப்புக்கு மட்டும் டார்கெட்ங்கிற ரகம் போட்டா காசு மிச்சம், ஆல்ஃபா ஆசிட் (கசப்பு தர்ற பொருள்) கோல்டிங்ஸை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, பாதி அளவு போதும். எனக்கு என்னவோ அந்தக் கசப்பு கொஞ்சம் முரடாத் தெரியுது, அதனால முழுக்க கோல்டிங்ஸ்தான்.

இப்போ கணக்கு. 20 லிட்டர், கிராவிட்டி (வோர்ட்டோட அடர்த்தி) 1.040, கோல்டிங்ஸோட ஆல்ஃபா 5.5%. பாயில் முடிய 60 நிமிஷம் இருக்கும்போது 35 கிராம் போட்டா கசப்பைக் கணக்கு போடுற டின்செத் ஃபார்முலாப்படி சுமார் 24 ஐபியூ (கசப்போட அளவு). 15 நிமிஷம் இருக்கும்போது 20 கிராம், அது ஒரு 7. மொத்தம் 31, பிட்டருக்கு கச்சிதம். நடுவுல 30 நிமிஷத்துல ஒரு தடவை போடச் சொல்லி பழைய ரெசிபிகள்ல இருக்கும், நான் அதை விட்டுட்டேன், அந்த நேரத்துல போட்டா வாசமும் ஆவியாப் போயிடும், கசப்பும் முழுசா இறங்காது, ஹாப்ஸ்தான் தண்டம்.

நிறைய பேர் கோட்டை விடுறது அடுப்பை அணைச்சதும் போடுற ஹாப்ஸ்லதான். ரெசிபியில 0 நிமிஷம்னு போட்டிருக்கும், கசப்புக் கணக்குலயும் சைபர்னு வரும், ஆனா வோர்ட் அப்பவும் 100 டிகிரி பக்கத்துலதானே இருக்கு, சில்லர் (வோர்ட்டை வேகமா ஆற வைக்கிற கருவி) இல்லாம மூடி போட்டு அப்படியே விட்டா கசப்பு இறங்கிட்டேதான் இருக்கும், 80 டிகிரிக்குக் கீழ வந்தாத்தான் அது ரொம்ப மெதுவாகும். அதனால நான் முதல்ல 80 வரைக்கும் ஆற வெச்சு, அப்புறம் 20 கிராம் போட்டு, இருபது நிமிஷம் ஊற விட்டு மறுபடி ஆற வைக்கிறேன். வாசம் நல்லா நிக்குது, கசப்பும் கணக்கை மீறிப் போறதில்ல.

அப்புறம் பாக்கெட்ல போட்டிருக்கிற ஆல்ஃபாவைப் பாருங்க, ஒவ்வொரு வருஷ அறுவடைக்கும் அது மாறும், கோல்டிங்ஸ் 4.5ம் வரும் 6.5ம் வரும். திறந்த பாக்கெட்டை காத்துப் போகாம கட்டி ஃப்ரீசர்ல போடுங்க, வெளியில கிடந்தா ஆல்ஃபா குறைஞ்சுடும், சீஸ் நாத்தம் வேற வந்துடும்.

டிரை ஹாப்பிங் (கொதிக்க வைக்காம பீர்லயே ஹாப்ஸ் போடுறது) வேணும்னா பீப்பாய்ல அடைக்கும்போது 10 கிராம் முழு ஹாப்ஸ், போதும். அதுக்கு மேல போட்டா அது பேல் ஏல் ஆயிடும், தப்பில்ல, ஆனா அப்புறம் பிட்டர்னு லேபிள் ஒட்டாதீங்க.