பார்ன்ஸ்லிப் பிள்ளைகளும் அவர்களின் சிநேகிதங்களும்

இங்கிலாந்தின் தெற்கு யார்க்‌ஷயரில் இருக்கும் பார்ன்ஸ்லி ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். சுரங்கத் தொழிலாளர்களின் 1984-85 வேலைநிறுத்தம் தோற்ற பிறகு சுரங்கங்களை வரிசையாக மூடினார்கள். பக்கத்து கிரைம்தோர்ப் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. நான் கணக்கு சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர், அப்பா கிடங்கில் ஷிப்ட் பார்ப்பவர், அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்.

அங்கே பாட ஆசிரியருக்கு ஃபார்ம் டியூட்டர் என்று இன்னொரு பொறுப்பும் உண்டு. தினமும் காலையில் ஒரு வகுப்புக்கு வருகைப்பதிவு எடுத்து, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யார் முகம் சரியில்லை என்று பார்க்கிற வேலை. என் வகுப்பைப் பதினோரு வயதில் கையில் வாங்கி, பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ தேர்வு முடித்து வெளியே போகும்வரை பார்த்தேன். கணக்குப் பாடத்தை விட அந்தக் காலை இருபது நிமிடங்களில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

வெள்ளைக்காரர் வீட்டில் ஒட்டுதல் கிடையாது, பதினெட்டு ஆனால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நம் ஊரில் சொல்வார்கள். நான் பார்த்த ஊரில் பாட்டி இரண்டு தெரு தள்ளித்தான் இருப்பார். பள்ளி மூன்று மணி சுமாருக்கு விட்டதும் பிள்ளை நேரே அங்கே போகும். ஐந்து மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். சனிக்கிழமை ஓக்வெல் மைதானத்தில் பார்ன்ஸ்லி கால்பந்து அணி ஆடினால் தாத்தாவும் பேரனும் ஒரே நிறத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போவார்கள். அணி தோற்றால் திங்கட்கிழமை காலை வகுப்பிலேயே தெரியும்.

பெற்றோர் பிரிந்த வீடுகளும் நிறைய. பெரும்பாலும் வாரநாட்களில் அம்மா வீடு, ஒன்றுவிட்ட வார இறுதியில் அப்பா வீடு. சிலருக்கு வாரமே சரிபாதி. இதைப் பற்றி வெளியே பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் பிள்ளைக்கு அன்றாடம் இடிக்கிற விஷயம் வேறு: விளையாட்டு உடை எந்த வீட்டில் இருக்கிறது? ஞாயிறு இரவு அப்பாவின் காரிலிருந்து இறங்கும்போது பை ஒன்று அங்கேயே தங்கிவிடும். திங்கள் காலை உடை இல்லை, எனவே டிடென்ஷன். என் வகுப்புப் பையன் ஒருவன் மாதக்கணக்கில் இப்படித் தண்டனை வாங்கினான். காரணத்தை எந்த ஆசிரியரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மாவையோ அப்பாவையோ குறை சொன்னதாகிவிடும் என்று பயம். அவனுடைய சிநேகிதன்தான் என்னிடம் வந்து, “மிஸ், அவனுக்கு ரெண்டு வீடு. ஒரு செட் இங்கேயே வெச்சுக்கலாமா?” என்று கேட்டான். என் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து கொடுத்தேன். பிறகு வேறு சில பிள்ளைகளின் காலணிகளும் அங்கே வந்து சேர்ந்தன.

பெற்றோர் சந்திப்பு மாலையில் ஒவ்வொரு ஆசிரியரிடமும் ஐந்து நிமிடம்தான். பிரிந்த தாயும் தந்தையும் பிள்ளையை நடுவில் உட்காரவைத்து இரு பக்கமும் அமர்வார்கள். சில சமயம் அம்மாவின் புதுத் துணைவர் பின்னால் நாற்காலி போட்டு, நான் சொல்வதை ஃபோனில் குறித்துக்கொள்வார். தன் பிள்ளை இல்லை என்றாலும் பின்னத்தில் எங்கே தடுமாறுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போன அப்படி ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அங்கே பதிமூன்று வயதிலிருந்து சின்ன வேலைக்குப் போகலாம். பள்ளி நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது; காலை ஏழுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும் கூடாது. வீடு வீடாகப் பேப்பர் போட்டுச் சம்பாதித்த காசில் சனிக்கிழமை ரயிலேறி ஷெஃபீல்டு மெடோஹால் கடைகளுக்குக் கூட்டமாகப் போவார்கள். வாங்குவது ஒரு குளிர்பானமும் சிப்ஸும்தான், ஆனால் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருவார்கள். 2010-க்குப் பிறகு உள்ளாட்சிகளுக்கு வந்த நிதி குறைந்து பல இளைஞர் மன்றங்கள் மூடப்பட்டுவிட்டன. மழை பெய்தால் இந்த வயதுப் பிள்ளைகள் காசில்லாமல் ஒன்றுசேர எங்கேதான் இடம் இருக்கிறது? அவர்களைக் கடை வாசலிலிருந்து விரட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

நம் வீடுகளில் அத்தை மகன், சித்தி மகள் என்று ஒரு படை செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் சிநேகிதம் செய்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நோயுற்ற குடும்பத்தாரைக் கவனித்துக்கொள்ளும் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் இங்கிலாந்தில் மட்டும் 1,66,363 பேர். அப்படி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். அம்மாவுக்கு நரம்பு நோய். காலையில் அம்மாவை எழுப்பி, மாத்திரை கொடுத்து, தம்பியைக் கிளப்பிவிட்டுத்தான் வருவாள். பள்ளிக்குத் தெரிவதற்கு வெகுமுன்பே இது அவள் தோழிக்குத் தெரியும். இவள் தாமதமான நாட்களில் தோழி பாடக்குறிப்பை இரண்டு பிரதியாக எழுதி வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை இரவு தன் வீட்டில் தங்கவைத்துக்கொள்வாள். அன்று தம்பியையும் அம்மாவையும் பெரியம்மா வந்து பார்த்துக்கொள்வார். 2014 சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளையின் தேவைகளை உள்ளாட்சி மதிப்பிட வேண்டும். அந்தக் காகித வேலைகளை நான் பார்த்தேன். அது நடந்து முடியும்வரை அந்தப் பெண்ணைத் தாங்கியவள் இன்னொரு பதிமூன்று வயதுப் பெண்.

அதனால்தான் வகுப்புகளை மாற்றியமைக்கும்போது “சிநேகிதங்கள் மாறும், பழகிக்கொள்வார்கள்” என்று ஆசிரியர் அறையில் யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவேன். மதிப்பெண்படி கணக்குப் பிரிவு பிரிப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் காலை வருகைப்பதிவு வகுப்பையாவது கலைக்காமல் விடலாம். இந்த இருவரையும் பிரிக்கக் கூடாது என்று நான் எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

எங்கள் பள்ளியில் பதினாறுக்கு மேல் வகுப்பு இல்லை. 2015-லிருந்து பதினெட்டு வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒருவர் ஏ லெவல் என்ற மேல்நிலைப் படிப்பு, ஒருவர் தச்சுப் பயிற்சி, ஒருவர் முடிதிருத்தக் கல்வி என்று ஆகஸ்ட் தேர்வு முடிவோடு பிரிந்துவிடுவார்கள்.

பின்னாளில் அந்த ஊர் மருத்துவமனைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் என்னைக் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “சிநேகிதி வீட்ல ராத்திரி தங்கணும்னு கேக்கிறா. விடலாமா அக்கா?” அந்த வீட்டு அம்மாவுக்கு ஃபோன் செய்யுங்கள், அன்று யார் யார் வீட்டில் இருப்பார்கள் என்று கேளுங்கள், முதல் தடவை நீங்களே கொண்டுபோய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்பேன். கேட்டால் தவறாக நினைக்க மாட்டார்கள். அவர்களும் அப்படிக் கேட்டுத்தான் அனுப்புகிறார்கள். அடுத்த மாதம் அந்தப் பெண்ணை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், காரம் கொஞ்சம் குறைத்துச் சமையுங்கள் என்றும் சொல்வேன்.