உம்ஸ்னிங் பக்கம் நாலு பன்றி, ஒரு தோட்டம், நடுவில் ஒரு கொள்ளைக்கார டிரைவர்

முதலில் டிரைவர் கதையைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பன்றிகளைப் பற்றி நிம்மதியாக எழுத முடியாது. கௌஹாத்தி விமான நிலைய வாசலில் பிடித்த கார். மேகாலயாவின் ரி போய் மாவட்டத்தில் உம்ஸ்னிங் பக்கம் ஒரு ஊருக்குப் போக வேண்டும். ஷில்லாங் நெடுஞ்சாலையிலேயே போய் நடுவில் இறங்கிவிடலாம், ஷில்லாங் வரைகூடப் போக வேண்டாம். 4500 கேட்டார், பேசிப் பேசி 3200க்கு வந்தார். ஜோராபாட்டில் சாலை பிரிந்து மலை ஏற ஆரம்பித்ததும் ஏசிக்குத் தனியாக 500 என்றார். நோங்போவில் தனக்கு வேண்டப்பட்ட தாபாவில் நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் ஆளையே காணோம். அங்கே ஆறிப்போன பருப்புக்கும் வறட்டு ரொட்டிக்கும் இரண்டு பேருக்கு 480 ரூபாய். கடைசியில், ஊருக்குப் பிரியும் மண் சாலையைப் பார்த்ததும் "வண்டி இறங்காது, பேசினது இதுவரைக்கும்தான்" என்று பைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டார். அதே மண் சாலையில் எங்கள் கண் முன்னாலேயே முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய மாருதி 800 குலுங்கிக் குலுங்கி இறங்கிப் போனது. அந்தக் கிழட்டு வண்டி இறங்குமாம், இவருடையது இறங்காதாம்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நின்று கை காட்டி ஷேர் சுமோவில் ஏறினோம், ஆளுக்கு 300. முட்டி இடிக்கும், பின் சீட்டு கிடைத்தால் இடுப்பு கழன்றுவிடும், ஆனால் சொன்ன காசுக்குச் சொன்ன இடத்தில் இறக்கிவிடுவார்கள். ஆகவே விமான நிலையத்தில் கார் பிடிக்காதீர்கள். கௌஹாத்தியில் பல்டன் பஜாருக்கோ கானாபாராவுக்கோ எப்படியாவது போய்ச் சேர்ந்து சுமோவில் ஏறுங்கள்.

சரி, பன்றிக்கு வருவோம். அலுவலகத் தோழி ஒருத்தியின் கல்லூரி சிநேகிதி வீடு அது. அம்மா, கடைசி மகள், ஒரு மாமா, அவ்வளவுதான் வீட்டில். காசி பழங்குடிகளிடம் குடும்பப் பெயர் அம்மா வழியில் வரும், பூர்வீக வீடு கடைசி மகளுக்குப் போகும். அதனால் அந்த வீட்டில் நடக்கும் சண்டைக்கு ஒரு கனம் இருக்கிறது. நாளைக்கு எல்லாம் மகள் கைக்குத்தான் வரப்போகிறது, ஆனால் இன்றைக்கு அம்மா சொல்வதுதான் சட்டம். அம்மாவை ஊரே "கோங்" என்று கூப்பிடுகிறது, நம் ஊர் அக்கா மாதிரி. நாங்களும் கோங் என்றே கூப்பிட்டோம்.

போனதும் நேராகக் கொட்டகைப் பக்கம் நடந்தேன். கோங் கையை நீட்டித் தடுத்துவிட்டார். ஷூவைக் கழற்றச் சொல்லி, அவர்களுடைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்து, வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்திருந்த தொட்டியில் காலை நனைத்த பிறகுதான் உள்ளே விட்டார். வழியில் எங்காவது பன்றிக்கறிக் கடைக்குள் போனீர்களா என்று மகளை விட்டு ஆங்கிலத்தில் விசாரணை வேறு. காரணம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020ல் அஸ்ஸாம், அருணாச்சல் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த நோய். மனிதனை ஒன்றும் செய்யாது, ஆனால் கொட்டகைக்குள் வந்துவிட்டால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது, மருந்தும் கிடையாது. செருப்பு மண்ணில் வரும், வாளியில் வரும், வெந்தும் வேகாத கறித் துண்டில்கூட வரும். இரண்டு வீடு தள்ளி ஒரு கொட்டகை காலியாகக் கிடக்கிறது, உள்ளே இப்போது விறகு அடுக்கியிருக்கிறார்கள்.

கொட்டகை பெரிய விஷயமெல்லாம் இல்லை. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இடைவெளி விட்டு அடித்த பலகைத் தளம். சாணமும் மூத்திரமும் இடைவெளி வழியாகக் கீழே குழியில் விழுகிறது, அங்கே மரத்தூளும் காட்டுச் சருகும் கொட்டி வைத்திருக்கிறார்கள். நாற்றம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் நம் ஊர் கோழிப்பண்ணை நாற்றத்தில் பாதிகூட இல்லை. தகரக் கூரை தெரியாத அளவுக்குச் சௌசௌ கொடி மூடியிருக்கிறது. வெயிலுக்கு நிழல், காய் மனிதர்களுக்கு, முற்றிப்போன காயும் கழித்த கொடியும் பன்றிகளுக்கு. எவ்வளவு சௌசௌ என்றால், கூட வந்த என் சைவ நண்பன் தங்கியிருந்த நாள் பூரா சோறும் சௌசௌவும் கடுகுக்கீரையும் மட்டுமே தின்று, ஊர் திரும்பியதும் இனி சௌசௌ கூட்டு வைத்தால் வீட்டை விட்டே போய்விடுவேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.

உள்ளே நாலு உருப்படி. ஒரு தாய்ப்பன்றி, வளரும் பன்றிகள் மூன்று. தாய் போட்ட குட்டிகள் தனி. நாட்டு இனத்துக்கு நியாங் மேகா என்று பெயர், கறுப்பு, முதுகில் மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். இவர்களிடம் இருப்பது லும்ஸ்நியாங், நாட்டு இனத்தோடு ஹாம்ப்ஷயர் என்ற வெளிநாட்டு இனத்தைக் கலந்து உம்யாமில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சி வளாகத்தில் உருவாக்கியது. சீக்கிரம் எடை போடும், மலைக் குளிரையும் தாங்கும்.

என்னை அசத்தியது ஒரு மண்கட்டி. காலையில் கோங் தோட்டத்து மேட்டிலிருந்து செம்மண் கட்டி ஒன்றை மண்வெட்டியால் பெயர்த்து, அப்படியே வேரும் புல்லுமாகக் குட்டிகள் நடுவில் போட்டார். ஏழெட்டுக் குட்டிகளும் மூக்கால் அதை முட்டி உடைத்து, சண்டை போட்டுக்கொண்டு தின்றன. பன்றிப் பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, மண்ணில் புரளாமல் பலகைத் தளத்திலேயே வளரும் குட்டி ஒன்றிரண்டு வாரத்தில் வெளுத்துச் சோர்ந்துவிடும். பெரிய பண்ணைகளில் பிறந்த சில நாளில் இரும்பு ஊசி போடுவார்கள். மகள் கால்நடை மருத்துவரிடம் சொல்லி ஊசியும் போடத்தான் செய்கிறாள், ஆனால் அம்மா மண்கட்டியை நிறுத்தவில்லை. குட்டிகளும் ஊசியைவிட மண்கட்டியைத்தான் விரும்புவதாகத் தெரிகிறது.

தீவனம்தான் இந்த வீட்டின் பாதி வேலை. கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று கல் அடுப்பு, மேலே கரி பிடித்த பெரிய அண்டா. சேம்பு இலையும் தண்டும், சர்க்கரைவள்ளிக் கொடி, மரவள்ளிக் கிழங்கு, அரிசித் தவிடு, நொய், ஒரு கை உப்பு. சேம்பைப் பச்சையாகப் போட்டால் பன்றிக்கும் தொண்டை அரிக்கும், மரவள்ளியைப் பச்சையாகப் போட்டால் விஷம், அதனால் எல்லாம் வெந்தே ஆக வேண்டும். சமையலறைக் கழிவும் அதே அண்டாவுக்குள்தான், காய்ச்சல் பயத்தில் தளதளவென்று கொதிக்காமல் எதையும் இறக்குவதில்லை. விறகு மணமும் தவிட்டு மணமும் சேர்ந்து, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே பசித்தது.

சண்டை இங்கேதான். மகள் வங்கிக் கடன் போட்டு இருபது பன்றி வளர்க்க வேண்டும் என்கிறாள். நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்திருக்கிறாள், ஷில்லாங்கில் பன்றிக்கறிக்கு நல்ல விலை இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏறும், எல்லாம் சரி. கோங் கேட்பது ஒரே கேள்வி, இருபதுக்குத் தீனி எங்கே? வளர்ந்த பன்றி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இரண்டரை கிலோ உலர் தீவனத்துக்குச் சமமாகப் போட வேண்டும். இருபதுக்கு நாற்பது ஐம்பது கிலோ. இந்த நிலத்துச் சேம்பும் கொடியும் நாலுக்குத்தான் காணும். மிச்சத்துக்கு மக்காச்சோளமும் புண்ணாக்கும் கீழேயிருந்து லாரியில் வர வேண்டும், பன்றி வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு தீவனம்தான் என்பதால் கறி விற்ற காசு வந்த வழியே போய்விடும். போதாக்குறைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் கடன் மட்டும் மிஞ்சும். நான் ஈரோட்டுக்காரன், கோழிப் பண்ணைக்குக் கடன் வாங்கிக் கொட்டகையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. அதனால் என் ஓட்டு அம்மாவுக்கு. மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆர்கானிக் விஷயத்திலும் கோங் கறார். இவர்களுடைய இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் ஊர்க் குழு மூலம் சான்றிதழ் இருக்கிறது, வடகிழக்குக்கு என்று மத்திய அரசு 2015ல் ஆரம்பித்த இயற்கை வேளாண் திட்டத்தில் வந்தது. பன்றிக்குக் கிடையாது. தவிடு கடையில் வாங்குவது, அந்த நெல்லுக்கு என்ன அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும், அப்புறம் எப்படி ஆர்கானிக் என்று எழுதுவது? சென்னையில் ஆர்கானிக் கடை என்று போர்டு மாட்டி, கத்தரிக்காயை மூன்று பங்கு விலைக்கு விற்பவர்களை அழைத்து வந்து இந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

தோட்டம் சரிவில் மேட்டுப்பாத்திகளாக இறங்குகிறது. இந்த மலை மண் புளிப்பு மண், மழை வேறு சத்தை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் உரம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கொட்டகைக் குழியில் சேர்ந்ததை வாரி, சருகோடு அடுக்கி, மாதக் கணக்கில் மக்கவிட்டுத்தான் பாத்திக்குப் போடுகிறார்கள். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்திக்குக் காட்டவே மாட்டார்கள். இன்னொன்று, பன்றி என்றாலே நாடாப்புழு என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு: அந்தப் புழுவின் முட்டை மனித மலத்திலிருந்துதான் பன்றிக்குப் போகிறது. கழிப்பறை கட்டி, பன்றியையும் அடைத்து வளர்த்தால் சுற்று அங்கேயே அறுந்துவிடும். நம் ஊர்த் தெருப் பன்றியைப் பார்த்துவிட்டு இதைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

சாப்பாடு. கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துக் குழம்பாக்கி, அதில் கொழுப்போடு வெந்த பன்றிக்கறி, தோஹ் நேயியோங் என்கிறார்கள். பார்க்கத் தார் மாதிரி இருக்கும், பயந்துவிடாதீர்கள். எள்ளின் கசப்பு முதலில், அப்புறம் இஞ்சி, அப்புறம் கொழுப்பு கரைந்து வரும் இனிப்பு. மூன்று தடவை சோறு வாங்கினேன். தொட்டுக்கொள்ளப் புளிக்க வைத்த சோயா, துங்ரிம்பாய், வாடை தூக்கலாக இருக்கும், இரண்டாவது நாள் அதுவும் பழகிவிட்டது. முடிந்ததும் க்வாய், அதாவது வெற்றிலை பாக்குச் சுண்ணாம்புதான், ஆனால் பாக்கு பச்சை. மென்ற ஐந்து நிமிடத்தில் குளிரிலும் காது சூடாகி வேர்த்துவிட்டது.

செலவு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தங்கினதுக்குக் காசு வாங்க மறுத்தார்கள், ஒரு நாளைக்கு ஆளுக்கு 800 என்று கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். மற்றபடி அந்தக் கார், தாபா, விமான டிக்கெட் இவைதான் பணத்தைத் தின்றன. ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதீர்கள், ஊரே சர்ச்சில் இருக்கும், டீக்கடைகூடத் திறந்திருக்காது. அப்புறம், வளர்ந்த பன்றிகளைப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பரில் போங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு போனால் தாய்ப்பன்றியும் குட்டிகளும்தான் இருக்கும்.