பணக்காரன் வாந்தி எடுக்கறதைக் காட்டுனா போதுமா

பணக்காரங்களோட பேராசையைக் கிழிக்கற படம்னாலே இப்ப எல்லாரும் ட்ரையாங்கிள் ஆஃப் சேட்னஸைத்தான் சொல்றாங்க, 2022ல கேன்ஸ் திரைப்பட விழாவுல பெரிய விருது வாங்குனது, சொகுசு கப்பல், கேப்டன் குடுக்கற விருந்து, கடல் கொந்தளிக்க கொந்தளிக்க கோடீஸ்வரனுங்க வாந்தி எடுத்து தரையில உருள்ற அந்த சீன். எனக்கு அது பெருசா படலைங்க. வயிறு கலக்குனா யாரா இருந்தாலும் வாந்திதான், அதுல என்ன பேராசை இருக்கு.

அதே படத்துல ஒரு வயசான தம்பதி வருவாங்க பாருங்க, அவ்ளோ சாந்தமா, மரியாதையா பேசறவங்க, கையெறி குண்டு செஞ்சு வித்துதான் சொத்தே சேத்திருக்காங்க, ஒரு கட்டத்துல கடற்கொள்ளைக்காரங்க கப்பல் மேல வீசுன குண்டை அந்தம்மா கைல எடுத்து நம்ம கம்பெனிது மாதிரி இருக்கேன்னு புருஷன்கிட்ட காட்டறாங்க, அவ்ளோதான், வெடிச்சிருது. அதுதான் நையாண்டி. நிஜத்துல ஊரை சுரண்டறவன் முறைச்சுக்கிட்டு வர்றதில்ல, சாப்டியாப்பான்னு அக்கறையா கேட்டுக்கிட்டேதான் வர்றான்.

இதை நம்மாளுங்க அவங்களுக்கு முன்னாடியே பண்ணிட்டாங்க. 2003ல வந்த அன்பே சிவம், நாசர் பண்ண கந்தசாமி படையாச்சி, நெத்தி நிறைய பட்டை, வாயைத் தொறந்தா சிவன் பேரு, தொழிலாளி கூலி உயர்வு கேட்டா மட்டும் மனசு இறங்காது. அந்த பக்தி நடிப்புன்னு எனக்கு தோணல, அந்த மனுசன் நெஜமாவே கும்பிடறாரு, கும்பிட்டுட்டு நெஜமாவே கூலியைப் பிடிக்கறாரு, ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இடிச்சுக்காம இருக்கறதுதான் பயமா இருக்கு. சேலம் செவ்வாப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறைல உக்காந்து பத்த வெச்சு ஒட்டறவங்ககிட்ட, வெள்ளி விலை ஏறுன அளவுக்கு உங்க கூலி ஏறிச்சான்னு ஒருவாட்டி கேட்டுப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

கொரியப் படம் பாரசைட்ல (2019) அந்த மழை சீனும் இதே ரகம்தான், ராத்திரி பேஞ்ச மழைல டிரைவர் வீட்டுக்குள்ள சாக்கடை தண்ணி பூந்து எல்லாம் போச்சு, மறுநாள் முதலாளியம்மா கார்ல உக்காந்து மழை வந்து காத்தே சுத்தமாயிருச்சுன்னு போன்ல சந்தோசமா பேசறாங்க, டிரைவர் கேட்டுக்கிட்டே ஓட்றாரு. அவங்க கெட்டவங்க இல்ல, தெரியல, தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு வந்ததில்ல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைல ஏற்காடு மலைப்பாதைல மண் சரிஞ்சு ரோடே அடைபட்டப்ப எனக்கு இந்த சீன்தான் ஓடுச்சு. அது காப்பி பழம் பறிக்கற சீசன், மழை விழுந்தா பழம் உதுந்துரும், எஸ்டேட்டுக்கு போக முடியாத நாளுக்கு பறிக்கறவங்களுக்கு கூலி கிடையாது. மேல ரூம் போட்டு தங்கறவங்களுக்கு அதே மழைதான் கிளைமேட்டு.

ரத்தக்கண்ணீர்ல (1954) எனக்கு ஒரு கோவம் இருக்கு. எம்.ஆர்.ராதா நடிப்பை குறை சொல்ல முடியாது, வெளிநாட்டுல இருந்து வந்து பெத்தவளையே கேவலமா பேசற அந்த திமிரை இன்னிக்கு வரைக்கும் யாரும் தொட முடியல. ஆனா பணத்திமிருக்கு தண்டனையா தொழுநோயைக் குடுத்தது தப்பு, அது கிருமியால வர்ற நோய், மருந்து இருக்கு, இந்தப் படத்தால எத்தனை நோயாளிங்க பாவம் பண்ணவங்கன்னு பாக்கப்பட்டிருப்பாங்களோ.

ட்ரையாங்கிள் முடிவுலயும் உடன்பாடில்ல, கப்பல்ல கக்கூஸ் கழுவுன அபிகேல், கப்பல் மூழ்கி தப்பிச்சவங்க ஒதுங்கற தீவுல மீன் பிடிக்க தெரிஞ்ச ஒரே ஆள்னு தலைவியாகறா, உடனே அவளும் ஆட்டம் போட ஆரம்பிச்சிடறா. அதிகாரம் யார் கைல வந்தாலும் இப்படித்தான்னு முடிச்சுட்டா மேல உக்காந்திருக்கறவனுக்கு ரொம்ப வசதியா போயிருதுங்க, அவன் நிம்மதியா கைதட்டிட்டு வீட்டுக்கு போயிருவான்.