மாற்று எஞ்சினும் இரண்டு அங்குலக் கட்டையும்

சென்ற மாசி மாதத்தில் எங்கள் படகின் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினை இறக்கிவிட்டு, அதே 9.9 குதிரைத்திறன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின் ஒன்றை ஏற்றினோம். பழையது இருந்த இடத்திலேயே புதியதை மாட்டி, இரண்டு திருகுகளையும் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைச் சரியான உயரத்தில் நிறுத்துவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

முதல் நாள் கடலில் இறக்கியபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. படகு போனது, ஆனால் முன்முனையான அணியத்தைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோலப் போனது. கைப்பிடியைத் திருப்பத் தோள் வலித்தது. பின்முனையான அமரத்தில் உட்கார்ந்திருந்த என் முதுகில், பின்பலகையைத் தாண்டித் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை என்று சிலர் சொன்னார்கள். தண்ணீரைத் தள்ளும் விசிறியை மாற்றச் சொன்னவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் கேட்டுச் செலவு செய்வதற்கு முன், கரையில் எங்கள் எஞ்சின்களைப் பார்க்கும் மூத்த மெக்கானிக்கை அழைத்துவந்தேன். அவர் எஞ்சின் மூடியைக் கழற்றவே இல்லை. மணலில் ஏற்றி வைத்திருந்த படகின் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு நேரான மரச்சட்டத்தைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பின்பக்கமாக நீட்டினார்.

"தம்பி, பிளேட்டு எங்க இருக்கு, சட்டம் எங்க இருக்கு, நீங்களே பாருங்க."

விசிறிக்குச் சற்று மேலே, தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சினின் காலில் கிடைமட்டமாக நீண்டிருக்கும் தட்டையான தகடு ஒன்று உண்டு. கேவிட்டேஷன் பிளேட் என்று எல்லா மெக்கானிக்குகளும் அதைச் சொல்கிறார்கள். பெயர் பொருத்தமானதல்ல; கேவிட்டேஷன் என்பது விசிறி இதழின் மேல் அழுத்தம் குறைந்து தண்ணீரே ஆவிக் குமிழிகளாக மாறுவது. நீர்ப்பரப்புக்கு மேலிருக்கும் காற்றை விசிறி உறிஞ்சிவிடாமல் தடுப்பதுதான் இந்தத் தகட்டின் வேலை. இது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதிலிருந்து ஓர் அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. எங்கள் படகில் தகடு, மரச்சட்டத்துக்கு மூன்று அங்குலம் கீழே கிடந்தது. தண்ணீருக்குள் இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாக இறங்கிய அந்தக் காலைத்தான் எஞ்சின் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

காரணம் எளியதுதான். எஞ்சின்கள் காலின் நீளத்தை வைத்து 15 அங்குலக் குட்டை ஷாஃப்ட், 20 அங்குல நீள ஷாஃப்ட், பெரிய படகுகளுக்கு 25 அங்குலம் என்று விற்கப்படுகின்றன. நாங்கள் வாங்கியது 20 அங்குலம், பழையதும் அதுவே. ஆனால் அந்த எண் வகையின் பெயரே தவிர, நாடாவில் வரும் அளவு அல்ல. எஞ்சினைப் பலகையில் மாட்டும் பிடிப்பானின் உட்பக்க உச்சியிலிருந்து தகடு வரை அளந்தபோது புதிய எஞ்சினில் 21 அங்குலம் வந்தது. பின்பலகையின் உயரமோ 18 அங்குலமே இருந்தது. எங்களுக்குப் படகை விற்றவர் என்றோ ஒரு பழைய எஞ்சினுக்காகப் பலகையின் உச்சியை அறுத்திருக்கிறார். அறுத்த தடத்தின் மேல் பூசியிருந்த பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் அது எங்கள் கண்ணில் பட்டது.

அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்பலகை செங்குத்தாக நிற்பதில்லை, பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆகவே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளக்காமல், பலகையின் நடுக்கோட்டில் அதன் சாய்வோடு ஒட்டியே நாடாவைப் பிடிக்க வேண்டும். 12 பாகை சாய்வில், 20 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட அரை அங்குலம் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இதற்குப் பிறகு நடந்த பிழை முழுக்க என்னுடையது. பாக் விரிகுடாவின் எங்கள் பகுதியில் கரையிலிருந்து வெகுதூரம் வரை இடுப்பளவு, மார்பளவு நீர்தான். அடியில் சேறும் கடற்புல்லும். எஞ்சின் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது, விசிறியில் புல் சுற்றாது, ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் புல்வெளியும் அறுபடாது என்று கணக்குப் போட்டு, இரண்டு அங்குலம் போதும் என்று மெக்கானிக் சொன்னதைக் கேளாமல், மூன்றரை அங்குலக் கட்டையைப் பின்பலகையின் உச்சியில் வைத்து, அதன் மேல் எஞ்சினை ஏற்றினேன். தகடு இப்போது அடிமட்டத்துக்கு அரை அங்குலம் மேலே வந்தது.

நேராகப் போகும்வரை படகு பறந்தது என்றே சொல்லலாம். கைப்பிடி இலகுவாகியிருந்தது, முதுகும் நனையவில்லை. கச்சான் காற்றில் எழுந்த சிற்றலைகளுக்குக் குறுக்கே திருப்பியபோதுதான் எஞ்சின் திடீரென்று அலறியது. சுழற்சி ஏறிக்கொண்டே போக, படகோ நின்ற இடத்தில் நின்றது. விசிறி காற்றைப் பிடித்துவிட்டது. எங்கள் படகின் ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டை, பின்பலகை வரை வருவது இதை இன்னும் மோசமாக்கியது; ஏராவின் பின்னால் கலங்கிக் குமிழியிடும் நீர் நேராக விசிறிக்குத்தான் போய்ச் சேருகிறது. இதைவிடப் பயமுறுத்தியது வேறு: எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே போகும் துளைகளும் அதே காலில்தான் இருக்கின்றன. அவை காற்றை இழுத்தால் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் வறண்டு தேயும், எஞ்சின் சூடேறும். பக்கவாட்டில் பீறிட வேண்டிய நீர்த்தாரை விட்டுவிட்டு வருவதைப் பார்த்து, வேகத்தைக் குறைத்துக் கரைக்கு வந்து சேர்ந்தேன்.

கரையில் கட்டையைப் பார்த்த மெக்கானிக் என்னைத் திட்டவில்லை, சிரித்தார். "கிளாம்பு கடிச்சிருக்கிறது பலகைய இல்ல தம்பி, கட்டைய. இன்னும் ரெண்டு அலை அடிச்சிருந்தா எஞ்சின் கடலுக்குள்ள போயிருக்கும்." திருகுகளின் முகம் பின்பலகையில் பதியாமல், நான் சும்மா வைத்திருந்த மரத்துண்டிலேயே பதிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு முறையாகச் செய்தோம். இரண்டு அங்குலத் தேக்குக் கட்டையைப் பின்பலகையின் உச்சியில் ரெசினால் ஒட்டி, இரு பக்கமும் கண்ணாடியிழைப் பாயைச் சுற்றிப் பலகையோடு ஒன்றாக்கினோம். அதற்கு முன் பலகை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். கண்ணாடியிழைக்குள் இருக்கும் பிளைவுட் நீரை உறிஞ்சி அழுகியிருந்தால் ஓசை மந்தமாக வரும், எவ்வளவு உயரம் சரி செய்தாலும் பயனிருக்காது. நல்லவேளையாக எல்லா இடத்திலும் கணீரென்றே கேட்டது. பழைய போல்ட்டு ஓட்டைகளை ரெசினும் இழைத்தூளும் குழைத்து அடைத்தோம். புதிய துளைகளில் கடல்நீர் தாங்கும் சீலண்டைத் தாராளமாகப் பூசித் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளே செலுத்தி, உள்ளே அகலமான வாஷர் போட்டு முடுக்கினோம்.

தகடு இப்போது அடிமட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கிறது. வெறும் படகில் சோதித்தால் ஏமாற்றும் என்பதால், வலை, ஐஸ் பெட்டி, நான்கு ஆட்கள் என்று முழுச் சுமையோடு ஓட்டினோம். அமரம் அமிழும் அளவு அப்போதுதான் தெரியும். முழு வேகத்தில் சுழற்சியை அளக்கும் இரவல் டாக்கோமீட்டர் நிமிடத்துக்கு 5,300 சுற்று காட்டியது. எங்கள் கையேடு சொல்லும் எல்லை 5,000 முதல் 6,000 வரை. கூர்மையாகத் திருப்பியபோதும் அலறல் இல்லை, நீர்த்தாரையும் அறுபடவில்லை.

கடற்புல் இன்னும் சுற்றத்தான் செய்கிறது. கரையை நெருங்கும்போது எஞ்சினைச் சாய்த்துக்கொண்டு, கடைசி நூறு அடியைத் தாங்குகோலால் ஊன்றித்தான் வருகிறோம்.