கடைசிச் சனி ஞாயிறில் ஒரு சைக்கிள் ஓவராயிலிங்

நீண்ட விடுமுறையின் கடைசிச் சனி ஞாயிறு ஒரு ரெண்டுங்கெட்டான் சமாச்சாரம். சனிக்கிழமை பாதி வரைக்கும்தான் லீவு லீவாக இருக்கும், ஞாயிறு மதியம் தாண்டினால் மனது தானாகத் திங்கட்கிழமைக்குப் போய் உட்கார்ந்துவிடும். பெரிதாக எதையும் தொடங்கவும் முடியாது, சும்மா படுத்துக் கிடந்தாலும் நிம்மதி இருக்காது. அதனால் இந்தத் தடவை சைக்கிளைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே நடுநடுவே வரும் காத்திருப்புதான். செயின் ஊற வேண்டும், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் காய வேண்டும், எண்ணெய் உள்ளே இறங்க வேண்டும். லீவு முழுக்கத் தள்ளிப்போட்ட சில்லறை வேலைகள் எல்லாம் அந்த இடைவெளிகளில்தான் முடிந்தன.

முதலில் செயின். கியர் இல்லாத சைக்கிள் செயினில் ஒரே ஒரு கண்ணிக்கு மட்டும் மீன் வடிவக் கிளிப் இருக்கும், அதைக் குறட்டால் தள்ளினால் செயின் கையோடு வந்துவிடும். கழற்றியதும் ஊறப்போட்டுவிடாமல் ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்பது நல்லது. இன்றைய சைக்கிள் செயின்களில் பொதுவாக ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் இடைவெளி அரை அங்குலம், ஆகவே புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரை நூல், அதாவது 1/16 அங்குலம் கூடியிருந்தால் தேய ஆரம்பித்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கி வைக்கலாம். ஒரு நூல் கூடிவிட்டால் அந்தச் செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். செயின் நீண்டுவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வோம், உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு ஊசியும் அதன் துளையும் துளித்துளியாகத் தேய்கின்றன, அந்தத் தேய்மானம் எல்லாக் கண்ணியிலும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. என்னுடையது அரை நூலுக்கும் குறைவு, இன்னும் நன்றாக ஓடும். இந்த உருளை வைத்த செயினை ஹான்ஸ் ரெனால்ட் 1880ல் கொண்டு வந்தார், அடிப்படை இன்றைக்கும் அதேதான். கையில் வைத்து வளைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஆச்சரியமாகவே இருக்கும்.

ஒரு பழைய டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி, செயினைப் போட்டு மூடி, வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்தேன். அடுப்பு, தீ எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அது ஊறும் நேரத்தில் மேசை இழுப்பறை. அதற்குள் எந்தக் கருவியுடையது என்றே தெரியாத சார்ஜர்கள், எழுதாத பேனாக்கள், இன்னொரு பூட்டின் சாவி. பேனாவை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்து எழுதாததைத் தூக்கிப் போடுவதில் ஒரு தனி சுகம் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்புறம் ஆபீஸ் பையின் ஜிப். பாதியில் சிக்கிக்கொண்டே இருந்தது, பல்வரிசையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து நாலைந்து தடவை இழுத்துவிட்டதும் வழுக்கிக்கொண்டு போகிறது. துவைத்த துணிகளையும் காயப்போட்டாயிற்று. ஆபீஸ் மெயிலைத் திறக்கவில்லை.

ஊறிய செயினைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்புச் சேறு கழன்று வரும், இன்னொரு முறை சுத்தமான மண்ணெண்ணெயில் அலசித் துணியால் துடைத்துவிட்டு முழுக்கக் காய விட வேண்டும். ஈரத்தோடு எண்ணெய் விட்டால் உள்ளே இருக்கும் மண்ணெண்ணெய் அதைக் கரைத்து வெளியே தள்ளிவிடும். மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த முனை பின்னால். மாற்றி மாட்டினால் எங்காவது உரசி, தட்டுப்பட்டுக் கழன்று விழ வாய்ப்பு உண்டு. எண்ணெய் விடுவதில்தான் பலரும் தாராளம் காட்டுகிறார்கள். ஒவ்வொரு உருளையிலும் ஒரு சொட்டு போதும். பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே விட்டு, கொஞ்ச நேரம் உள்ளே இறங்கவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். தேய்மானம் நடப்பது உள்ளே, வெளியே நிற்கும் எண்ணெய் தூசியைப் பிடித்து உப்புத்தாள் வேலைதான் பார்க்கும். கையோடு அலமாரிக் கதவின் கீலுக்கும் இரண்டு சொட்டு. கிரீச் நின்றுவிட்டது.

பெடலைக் கழற்ற அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். வலது பெடல் லேசாக வந்துவிட்டது, இடதில் ஸ்பேனரைப் போட்டுத் தொங்குகிறான். “மாமா, இது அசையவே மாட்டேங்குது.” “அந்தப் பக்கம் மரை தலைகீழ்டா, வலப்பக்கமாத் திருப்பு.” திருப்பியதும் வந்துவிட்டது, உடனே ஏன் என்று கேட்டான். இதற்கு ஒரு பென்சில் போதும். பென்சிலைக் கைப்பிடிக்குள் தளர்வாகப் பிடித்துக்கொண்டு அதன் முனையை மற்றொரு கையால் வட்டமாகச் சுற்றினால், பென்சில் பிடிக்குள் எதிர்த்திசையில் மெல்லப் புரளும். மிதிக்க மிதிக்க பெடல் அச்சிலும் இதே கதைதான், இடது பக்கம் சாதாரண மரை இருந்தால் தானாகவே கழன்றுகொண்டு வரும். அவன் பென்சிலை வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தான், எனக்கு அது உதவியாகவும் இருந்தது, ஏனென்றால் அடுத்தது பால்ரஸ், அதாவது சக்கரத்தின் நடுவில் உருளும் சின்ன இரும்புக் குண்டுகள்.

சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறக்கும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி கட்டாயம். பொதுவாகப் பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, கால் அங்குல அளவு. முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, 3/16 அங்குலம். எடுக்கும்போதே எண்ணிக்கொண்டால் பிறகு குழப்பம் இல்லை. துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தால் நல்லது கண்ணாடியாகப் பளபளக்கும், போனதில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தாலும் செட்டாக மாற்றிவிடுவதுதான் சரி, பழசும் புதுசும் ஒரே அளவில் இருக்காது, பாரம் முழுக்க புதுசின் மேல் விழும். புது கிரீஸை ஹப்பின் உட்கிண்ணத்தில் அப்பி, அதில் பால்ரஸை ஒவ்வொன்றாகப் பதித்து வைக்கும்போது அது தன் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமே, இரண்டு நாள் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். பால்ரஸை உள்ளே அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டுதான் கோன், அதை இறுக்குவதில் அவசரம் உதவாது. மேல் நட்டை முடுக்கும்போது கோன் இன்னும் கொஞ்சம் அழுந்தும், ஆகவே துளி ஆட்டம் வைத்தே விட வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் வால்வு இருக்கும் பக்கம் கனத்தால் கீழே வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் கோன் இறுக்கம் அதிகம்.

ஞாயிறு காலை கோட்டம் எடுத்தேன், அதாவது சக்கரம் ஆடாமல் நேராக ஓடும்படி சரி செய்தேன். தனி ஸ்டாண்டு எல்லாம் கிடையாது, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பிரேக் கட்டையையே குறியாக வைத்துக்கொள்ளலாம். ரிம் இடது கட்டையை நெருங்கும் இடத்தில் வலது பக்க ஸ்போக்குகளைக் கால் திருகு இறுக்கி, தேவைப்பட்டால் இடது பக்கத்தைக் கால் திருகு தளர்த்த வேண்டும். ஒரே இடத்தில் முழுத் திருகு போட்டால் வட்டமே போய்விடும். ஸ்போக்கை விரலால் சுண்டிக் கேட்பதும் நல்ல வழி, ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. சுண்டும் வேலையை மருமகன் எடுத்துக்கொண்டான், தளர்ந்ததை என்னை விடச் சரியாகக் காட்டினான்.

முன்சக்கரத்தில் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. வால்வு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன், குமிழி வரவில்லை, வால்வுக்குள் இருக்கும் ரப்பர்க் குழாயான வால்டியூப் சரி. டியூபைத் தண்ணீரில் அமுக்கியதும் ஊசிமுனைக் குமிழிகள். டயரின் உள்பக்கம் ஒரு பஞ்சை வைத்துச் சுற்றித் தேய்த்தால் முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும், விரலைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். உப்புத்தாள் போட்டு, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரப் பளபளப்பு போகும்வரை விட்டுவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிய பேட்ச் நிற்காது. அந்தச் சில நிமிடங்களில் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்து முடித்தேன், திங்கட்கிழமைக்கு அதுதான்.

மதியம் நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் பக்கத்துத் தெருக்களில் ஒரு சுற்று. செயின் சத்தமே இல்லை, சக்கரம் நேராக ஓடுகிறது, மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் டிக்டிக் மட்டும் கொஞ்சம் கரகரப்பாக வருகிறது. அதைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும், என்னிடம் இல்லை. இப்போதைக்கு இடுக்கில் எண்ணெய் விட்டுப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டிருக்கிறேன். பின் பிரேக் கட்டை தேய்ந்து அதிலுள்ள பள்ளம் மறையப் போகிறது, வாரநாளில் ஒரு ஜோடி வாங்கி மாட்ட வேண்டும். அயர்ன் செய்வது மட்டும் பாக்கி.