பத்து வாளித் தண்ணீர்

யூலை 6
சோளகம் புழுதியை அள்ளிக்கொண்டு அடிக்கிறது. அப்பா மத்தியானம் வயலால் வந்தார். காலையில் நான் கொடுத்துவிட்ட தண்ணீர்ப் போத்தலில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. "சலம் எப்படிப் போகுது?" என்று சிறுநீரின் நிறத்தைக் கேட்டேன். "பிளேன்ரீ மாதிரித்தான் பிள்ளை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. 1990களில் மதவாச்சி, பதவியாப் பக்கத்துக் கமக்காரரிடம் கண்ட சிறுநீரக நோய் எங்கள் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. காரணம் இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை.

யூலை 7
மகளுக்குக் கிணற்றடியில் வைத்து விளங்கப்படுத்தினேன். எங்கள் வாளி 18 லீற்றர் பிடிக்கும். இரண்டு சிறுநீரகமும் இரத்தத்திலிருந்து ஒரு நாளைக்கு வடிக்கும் நீர் 180 லீற்றர், அதாவது பத்து வாளி! உடம்பில் இருக்கும் இரத்தமோ ஐந்து லீற்றர்தான். அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சலமாக வெளியே போவது ஒன்றரை லீற்றர் அளவில்.

மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டாள். பொங்கலுக்கு வீடு கழுவும்போது சாமான்களை முற்றத்தில் இறக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுப்போமே, அப்படித்தான். இரத்தத்தின் செங்குழியமும் பெரிய புரதமும் வீட்டுக்குள்ளேயே நிற்கும். தண்ணீர், உப்பு, சீனி, யூரியா என்ற கழிவு எல்லாம் மெல்லிய குழாய்களுக்குள் இறங்கும். ஒரு சிறுநீரகத்தில் அப்படிப் பத்து லட்சம் அளவில் இருக்கின்றன. சீனி முழுவதும் திரும்பிவிடும். உப்பும் தண்ணீரும் அன்றைய தேவைக்கு ஏற்றபடி. கூடின அமிலமும் பொட்டாசியமும் வெளியே போகும். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

யூலை 9
சலம் கடும் நிறத்தில் போவது சிறுநீரகம் தண்ணீரை மிச்சம் பிடிப்பதால். இரத்தம் இறுகினால் மூளை ஓமோன் சுரந்து, தண்ணீரைத் திருப்பி எடுக்கச் சொல்கிறது. அது அதன் வேலை. என்னைப் பயப்படுத்தியது வேறு. அப்பாவின் சேட்டுப் பையில் கடையில் வாங்கிய இடுப்புவலிக் குளிசை. உடம்பு வறண்ட நேரத்தில் அந்த வகைக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். எடுத்து ஒளித்துவிட்டேன்.

யூலை 15
கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவு சரியாம்; சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு அது. ஆனால் சிறுநீரக வேலையில் பாதியளவு குறையும் வரைக்கும் அந்த எண் ஏறாமலும் இருக்கலாமாம். அதனால் அல்புமின் என்ற இரத்தப் புரதம் சலத்தில் ஒழுகுகிறதா என்றும் பார்த்தார்கள். இல்லை. வரும் வழியெல்லாம் முருகனை நினைத்துக்கொண்டு வந்தேன்.

யூலை 18
அப்பா இரண்டு போத்தலையும் வெறுமையாகக் கொண்டுவந்தார். படியில் நின்றே சொன்னார்: "இண்டைக்கு வைக்கோல் நிறம், பிள்ளை."