சிறுநீரக நோயாளிகளுக்குச் சீன மூலிகைத் துகள்: ஒரு சோதனையை நடத்தி முடிப்பதில் உள்ள வேலைகள்

தென் சீன நகரமான குவாங்ஜோவில் (பழைய பெயர் கான்டன்) நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நாங்கள் நடத்திய சோதனையின் கேள்வி எளிமையானது. வழக்கமான மாத்திரைகளை அப்படியே தொடர்ந்துகொண்டு, கூடவே ஒரு சீன மூலிகைத் துகளையும் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடும் வேகம் குறைகிறதா? இதற்குப் பதில் தேடும் வேலையில் பெரும்பகுதி, முதல் நோயாளி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது, அதற்கு எதிரே ஒப்பிட வைக்கும், பார்க்க மருந்தைப் போலவே இருக்கும் போலி மருந்து எவ்வளவு நம்பும்படி இருக்கிறது என்ற இரண்டும் சரியில்லாவிட்டால் பிறகு எந்தப் புள்ளியியல் கணக்கும் சோதனையைக் காப்பாற்றாது. அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறோம்.

மருந்தில் மூன்று சரக்குகள். ஒரு நாளைக்கு ஹுவாங் சீ வேர் 30 கிராம், தான் ஷென் வேர் 15 கிராம், தா ஹுவாங் 6 கிராம். தா ஹுவாங் என்பது நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்று கிடைப்பதன் நெருங்கிய உறவு. மூன்றையும் கஷாயமாக இறக்கி, வற்றவைத்து, உலர்த்தித் துகளாக்கி, நாளைக்கு இரண்டு பாக்கெட்டாகக் கொடுப்பது திட்டம்.

மூலிகையை மட்டும் கொடுத்துப் பார்க்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. லோசார்டான், வால்சார்டான் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் சிறுநீரில் புரதம் வெளியேறுவதைக் குறைக்கும் என்பது நிரூபணமான விஷயம். அதை நிறுத்தி வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். ஆகவே இரண்டு குழுவுக்கும் அடிப்படைச் சிகிச்சை ஒன்றே. மூலிகையா, போலியா என்பது மட்டுமே வித்தியாசம். சேர்க்கும் முன் 12 வாரங்களாவது அந்த மாத்திரைகளின் அளவு மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று வைத்தோம். நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் தனிக் கவனம் கேட்கும். தொடங்கிய சில வாரங்களில் சிறுநீரக வடிகட்டல் அளவைச் சற்று இறக்கிவிட்டு, பிறகு சரிவை மெதுவாக்குவது அவற்றின் இயல்பு. சோதனைக்கு நடுவில் ஒருவர் அதைத் தொடங்கினால் எது மூலிகையின் வேலை, எது மாத்திரையின் வேலை என்று பிரிக்க முடியாது. அதை ஏற்கெனவே சாப்பிடுகிறவர், சாப்பிடாதவர் என்று பிரித்துவிட்டுத்தான் குலுக்கல் முறையில் குழுவுக்கு ஒதுக்க வேண்டும்.

பதிவு வேலை சுருக்கமானது. சீன மருத்துவச் சோதனைப் பதிவகம் செங்டுவில், சிச்சுவான் பல்கலைக்கழகத்தின் மேற்குச் சீன மருத்துவமனையில் இயங்குகிறது. 2007 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பதிவக வலையமைப்பில் இருக்கிறது. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு எண் கையில் இருக்க வேண்டும். பிந்திப் பதிந்தால் அப்படியே குறித்துவிடுவார்கள், நல்ல மருத்துவ இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பும். வெளிநாட்டு ஆய்வகம் கூட்டு சேர்கிறது என்றால் 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மனித மரபுவள விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்த மாதிரியை நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தனி அனுமதி வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். எல்லாப் பரிசோதனையையும் சீனாவுக்குள்ளேயே முடிக்கும்படி திட்டமிடுவது நல்லது.

இனி சரக்கு. சிறுநீரகத்துக்கு மூலிகை சோதிக்கும் எவரும் பிரசல்ஸில் நடந்ததை மறக்கக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலியும் சிகிச்சைக்குப் போன பெண்களுக்குச் சிறுநீரகம் வேகமாகச் செயலிழந்தது. ஹான் ஃபாங் ஜி என்ற மூலிகை இருக்க வேண்டிய மாத்திரையில் குவாங் ஃபாங் ஜி என்ற வேறு செடி கலந்திருந்தது. இரண்டாவது செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் உண்டு. அது சிறுநீரக நுண்குழாய்களை அழித்து, பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். அதே அமிலம் உள்ள குவான் மு தோங் என்ற சரக்கைச் சீனா 2003இல் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. எங்கள் மூன்று சரக்குகளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனாலும் ஒவ்வொரு தொகுதியிலும் அந்த அமிலம் இருக்கிறதா என்று பார்த்தோம். ஒரே கிடங்கு, ஒரே அரைவை இயந்திரம், ஒரே சாக்கு என்று கலப்படத்துக்கு வழிகள் நிறைய.

மூலச் சரக்கை மொத்தச் சோதனைக்கும் ஒரே தடவையில் வாங்க வேண்டும். பாதியில் தீர்ந்துபோய் வேறு மாகாணத்துச் சரக்கை வாங்கினால் அது வேறு மருந்து. ஹுவாங் சீயைக் கான்சு மாகாணத்திலிருந்து எடுத்தோம். தாவரவியலாளர் ஒருவர் பார்த்து, லத்தீன் பெயர், எந்தப் பாகம், அறுவடைக் காலம் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டார். ஒரு மாதிரியை மூலிகைக் காப்பகத்தில் வைத்தோம். பிறகு வேதியியல் சோதனை. சீன அரசின் மருந்துத் தர நூலின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஹுவாங் சீயில் ‘அஸ்ட்ராகலோசைடு IV’ என்ற வேதிப்பொருள் 0.080 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தான் ஷென்னில் சால்வியனோலிக் அமிலம் பி 3.0 சதவீதமாவது வேண்டும், டான்ஷினோன்கள் எல்லாம் சேர்ந்து 0.25 சதவீதமாவது வேண்டும். கன உலோகங்களில் ஈயம் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள், ஆர்செனிக் 2க்குள், பாதரசம் 0.2க்குள்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். வேர் தேறிவிட்டால் துகளும் தேறியது என்று எண்ணிவிடுகிறார்கள். டான்ஷினோன்கள் எண்ணெயில் கரைபவை, தண்ணீர்க் கஷாயத்தில் மிகக் குறைவாகத்தான் இறங்கும். சால்வியனோலிக் அமிலம் பி தண்ணீரில் நன்றாக இறங்கும், ஆனால் நீண்ட நேரச் சூட்டில் சிதைந்துவிடும். ஆகவே வற்றவைப்பதைத் திறந்த அண்டாவில் செய்யாமல் காற்றழுத்தம் குறைத்த கலனில், 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் செய்யச் சொல்ல வேண்டும். தர அளவுகளை முடிந்த துகளில் அளந்து எழுத வேண்டும். தா ஹுவாங்குக்கும் இதே கவனம்: பச்சைச் சரக்கைக் கடைசியில் போட்டுச் சில நிமிடம் கொதிக்கவிட்டால் நன்றாகப் பேதியாகும், மதுவில் ஊறி ஆவியில் வெந்த சரக்கை நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் பேதிக் குணம் பெரிதும் தணியும். நாங்கள் வெந்த சரக்கையே எடுத்தோம், அதன் காரணம் கீழே.

குவாங்ஜோவின் ஈரக் காற்றும் கணக்கில் வர வேண்டும். வசந்தத்தில் ஹுய் நான் தியான் என்ற ஈரப் பருவம் வந்தால் சுவரும் தரையும் வியர்க்கும். துகளின் ஈரப்பதம் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பிளாஸ்டிக் பையில் போட்டால் சில நாட்களிலேயே கல்லாக இறுகிவிடும். அலுமினியத் தகடு ஒட்டிய பை, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிப்பம், நோயாளிக்கு நான்கு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்காமை. இந்த மூன்றும் போதும்.

போலி மருந்து செய்வதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. மாத்திரைக்குப் போலி செய்வது சுலபம். கஷாயத் துகளுக்கு நிறம், மணம், கசப்பு, நாக்கில் நிற்கும் பின்சுவை, தண்ணீரில் கரையும் வேகம், அடியில் தங்கும் வண்டல் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப் பொருள், கேரமல் நிறம், உணவில் அனுமதிக்கப்பட்ட கசப்புப் பொருள் ஆகியவற்றைக் கொண்டு தொடங்குவார்கள். பார்வைக்குத் தேறிவிடும், மூக்கில் தோற்கும். மூலிகையின் மண் வாசனை செயற்கையில் வராது. அதனால் உண்மை மருந்தில் 5 முதல் 10 சதவீதத்தைப் போலியில் கலப்பது பரவலான வழக்கம். அந்தச் சிறு அளவும் ஏதாவது வேலை செய்யலாம், செய்தால் குழுக்களின் வித்தியாசம் சுருங்கும். நாங்கள் 5 சதவீதத்தோடு நின்றோம், அதைத் திட்ட ஆவணத்திலும் வெளிப்படையாக எழுதினோம். மறைத்தால் வாசிக்கிறவருக்குச் செய்யும் துரோகம்.

சுவையும் மணமும் ஒத்துவந்த பிறகும் ஒன்று காட்டிக் கொடுக்கும்: நுரை. ஹுவாங் சீயில் சபோனின்கள் என்ற, சோப்பு போல நுரைக்கும் பொருள்கள் உள்ளன. துகளை வெந்நீரில் போட்டுக் கரண்டியால் கலக்கினால் மேலே மெல்லிய நுரை கட்டி, கோப்பையின் ஓரத்தில் வளையமாக நிற்கும். டெக்ஸ்ட்ரின் கரைசலில் நுரை சட்டென்று அடங்கிவிடும். காத்திருப்பு அறையில் இரண்டு நோயாளிகள் பேசிக்கொண்டால் போதும், ரகசியம் போயிற்று. உணவுத் தரத்திலுள்ள நுரைப்பொருளை மிகச் சிறிய அளவு சேர்த்துச் சரிசெய்யலாம். எவ்வளவு என்பதைக் கலக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு சோதனையோடு தொடர்பில்லாத ஆட்களிடம் மூன்று கோப்பை கொடுத்து, வேறுபடுவது எது என்று கேளுங்கள். இரண்டில் ஒரே மருந்து, ஒன்றில் மற்றது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணிசமானவர்கள் சரியாகச் சொன்னால் போலி இன்னும் தேறவில்லை என்று பொருள்.

தா ஹுவாங்குக்குத் திரும்புவோம். எவ்வளவு நல்ல போலியானாலும் அது வயிற்றைக் கலக்காது. மூலிகைக் குழுவில் மட்டும் மலம் இளகினால் நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். வெந்த சரக்கை எடுத்ததற்கு இதுதான் காரணம். முதல் வாரம் பாதி அளவில் தொடங்கினோம். வயிற்றுக் கோளாறைக் கேட்டுக் குறிப்பவர் வேறு, பலனை மதிப்பிடுபவர் வேறு என்று பிரித்தோம். முக்கிய அளவீடுகளை மையப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். இரண்டாம் வாரத்தில், பலன் எதுவும் தெரியும் முன்பே, உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுப் பதிய வேண்டும். கடைசியில் மட்டும் கேட்டால், குணம் தெரிந்ததால் ஊகித்தாரா, சுவையால் ஊகித்தாரா என்று பிரிக்க முடியாது.

அடுத்து நோய்க்கோலம். சீன மருத்துவம் ஒரே சிறுநீரக நோயைப் பல கோலங்களாகப் பிரிக்கும். எங்கள் மருந்து ‘சீ’ என்று அவர்கள் சொல்லும் உயிர்ச்சக்தி குறைந்து ரத்தம் தேங்கிய கோலத்துக்கானது. நாக்கையும் நாடியையும் பார்த்துச் சொல்லும் இந்த முடிவில் அனுபவமுள்ள மருத்துவர்களே ஒத்துப்போகாத இடங்கள் உண்டு, அதிலும் நாடியில் மிக அதிகம். அதனால் கட்டாயக் குறிகள் இவை, துணைக் குறிகளில் இத்தனை, நாக்கு இப்படி என்று எழுத்தில் வைத்து, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து, மாறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்பது என்று வைக்க வேண்டும். ஆள் சேர்ப்புக்கு முன்பே அவர்களின் ஒப்புமையைக் கப்பா என்ற புள்ளியியல் அளவில் (முழுதும் ஒத்துப்போனால் 1) கணக்கிடுங்கள். 0.6க்குக் கீழே இருந்தால் மீண்டும் பயிற்சி கொடுங்கள். நாக்கைப் படமெடுக்கும்போது ஒரே விளக்கு, ஒரே தூரம், ஓரத்தில் நிற அட்டை. காலையில் காபியோ டிராகன் பழமோ சாப்பிட்டு வந்தவரின் நாக்கில் படிந்த பூச்சு பொய் சொல்லும். நாக்கை வழித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. முந்தின நாளே சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆள் சேர்ப்பில் உள்ளூர்ச் சமையல் குறுக்கே வரும். கான்டன் வீடுகளில் மணிக்கணக்கில் கொதிக்கும் சூப்பில் ஹுவாங் சீ போடுவது சாதாரணம், கோழியோடு தான் ஷென்னும் சேரும். தெருமுனையில் மூலிகைத் தேநீர்க் கடைகள் வேறு. போலி குழுவில் இருப்பவர் வீட்டில் தினமும் ஹுவாங் சீ சூப் குடித்தால் ஒப்பிட ஒன்றுமில்லை. நான்கு வாரம் எல்லா மூலிகையையும் நிறுத்தச் சொல்லி, பிறகும் சூப் பற்றிய கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். மூலிகை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அவர்களுக்கு அது சாப்பாடு. நேற்று என்ன சூப் என்று கேட்டால் சரியான பதில் வரும்.

பாதுகாப்பில் தளர்வே கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவரைச் சேர்க்கவில்லை; தான் ஷென் அதன் வீரியத்தைக் கூட்டி ரத்தக்கசிவு கொண்டுவரக்கூடும். ஒரு பாக்கெட்டில் எவ்வளவு பொட்டாசியம் என்று அளந்து வைத்திருக்க வேண்டும், லோசார்டானோடு சேர்ந்தால் அது ஏறும். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், பொட்டாசியம், கல்லீரல் நொதிகள் 2, 4, 8ஆம் வாரங்களிலும் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்தோம். கிரியேட்டினின் 30 சதவீதம் ஏறினாலோ பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோலைத் தாண்டினாலோ மருந்தை நிறுத்திவிட்டு ஒரு வாரத்துக்குள் மறு பரிசோதனை. கல்லீரல் நொதி இயல்பின் மூன்று மடங்கும் பிலிருபின் இரண்டு மடங்கும் தாண்டினால் நிரந்தர நிறுத்தம். மூலிகை இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று நோயாளி அறிகுறியை மறைப்பதும் உண்டு. ஹே ஷோ வூ என்ற பிரபல மூலிகையே கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன என்று ஒப்புதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

எதை அளப்பது என்பதில் கறாராக இருங்கள். சோர்வு குறைந்தது, பசி எடுத்தது என்ற மதிப்பெண்களை மட்டும் நம்பி முடிந்த சோதனைகள் ஏராளம். அவற்றை யாரும் சிகிச்சை முறையில் சேர்ப்பதில்லை. இதற்கு மாறாக, இதயச் செயலிழப்புக்கான சீலி சியாங்சின் என்ற மூலிகைக் கேப்ஸ்யூலைச் சீனாவின் 133 மருத்துவமனைகளில் 3,110 பேரிடம் சோதித்தார்கள். அளந்தது இதயநோய் மரணமும், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதும். இவற்றில் ஏதாவது நேர்ந்தவர்கள் மூலிகைக் குழுவில் 25.02 சதவீதம், போலி குழுவில் 30.03 சதவீதம். பதினோரு சரக்கு சேர்ந்த மருந்தைப் பற்றி உலகம் உட்கார்ந்து கேட்டது அந்த அளவீட்டால்தான். எங்கள் அளவுக்குச் சிறிய சோதனையில் மரணத்தை எண்ண ஆள் போதாது. அதனால் வடிகட்டல் அளவின் ஆண்டுச் சரிவை முதன்மையாகவும், 24 மணி நேரச் சிறுநீர்ப் புரதத்தை அடுத்ததாகவும் வைத்தோம்.

கட்டுரை எழுதும்போது 2017இல் வந்த, சீன மூலிகைச் சூத்திரங்களுக்கான கான்சார்ட் விரிவாக்கத்தை (சோதனை அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்ற பட்டியல்) எடுத்து ஒவ்வொரு வரியையும் நிரப்புங்கள்: சரக்கின் பெயர், பாகம், பக்குவம், தொகுதி எண், போலியின் உட்பொருள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் உண்மை, போலி இரண்டிலும் சில பெட்டிகளைப் பிரிக்காமல் உலர் அறையில் வைத்திருங்கள். மதிப்பாய்வாளர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் போலியின் வேதியியல் வரைபடத்தைப் பற்றியதாகவே இருக்கும், அப்போது திறந்து மறுபடி சோதித்துப் பார்க்க மருந்து மிச்சம் இருக்க வேண்டும்.